ஊர் நீண்ட செவ்வாய்க்கிழமை

ஆவணி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, எங்கள் ஊரான முள்ளுப்பொட்டல் கிழக்கு மேற்காக நீண்டு, தெற்கு வடக்காகச் சுருங்கி, ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கிற நேரம் அப்படியே இருந்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி பழைய அளவுக்குத் திரும்பியது. தெரு நீண்டது, தெருவில் நடந்தவர்களின் காலும் அதே அளவுக்கு நீண்டது. பஸ் நிலையத்துச் சிமென்ட் பெஞ்சு நீண்டது, அதில் படுத்திருந்தவரும் நீண்டார், அவர் கண்ட கனவும் நீண்டிருக்கும். எல்லாம் சேர்ந்தே நீண்டதால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரும்பு மட்டும் நீள மாட்டேன் என்று நின்றுவிட்டது. எங்கள் ஊர் இரும்புக்கு அப்படி ஒரு வீம்பு உண்டு, மனிதர்களுக்கு அதைவிடக் கூடுதல்.

தூத்துக்குடிக்கு மேற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறோம். மழை எங்களை மறந்துபோய் வெகுநாள் ஆகிறது, நாங்களும் மழையை மறந்துவிட்டு வீட்டுக்கு வீடு தையல் மெஷின் போட்டுக்கொண்டோம். மொத்தம் நாலாயிரம் மெஷின். மதுரைக்குத் தெற்கே எந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தாலும், மணி அடித்ததும் ஓடி வருகிற பிள்ளைகளின் முதுகில் எங்கள் ஊர்த் தையல் ஓடி வரும். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும், அதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கென்று சில வழக்கங்கள் இருக்கின்றன. வெட்டி முடித்த ஒவ்வொரு கட்டையும் தையல் சங்கத் தலைவர் பார்த்து, மேல் துணியில் சாக்கட்டியால் 'சரி' என்று எழுதினால்தான் அது ஊரைவிட்டு வெளியே போகும். துணியை வெட்டுவது இப்போது மின்கத்திதான் என்றாலும், ஒவ்வொரு கட்டிங் மாஸ்டருக்கும் ஒரு பெரிய கத்திரி உண்டு, அதுதான் அவருடைய பெயர், அவருடைய மரியாதை. ஒரு கட்டு முழுவதும் அளவு தப்பிப்போனால் அந்தக் கத்திரியைச் சங்கக் கட்டடத்துச் சுவரில் இருக்கிற ஆணியில் தொங்கவிட வேண்டும். "கை தவறிவிட்டது" என்று சபையில் சொன்னால் அப்போதே திருப்பித் தந்துவிடுவார்கள். சொல்லாமல் ஆயுத பூசை வந்துவிட்டால் அந்தக் கத்திரிக்குச் சந்தனம் கிடையாது, சந்தனம் வைக்காத கத்திரிக்காரர் அந்த வருஷம் முழுக்க அளவுகோலைத் தொடக் கூடாது.

இன்னொரு வழக்கம் கொஞ்சம் கூச்சமானது. எங்கள் ஊரில் ஊசி முறிவது மானக்கேடு. பிள்ளைகள் போடுகிற சட்டையில் முறிந்த துண்டு தங்கிவிடக் கூடாது என்று தேடி எடுத்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடி, பெற்ற தாய்க்கும் காட்டாமல் வைத்திருப்போம். ஆயுத பூசைக்கு முந்தின நாள் காலையில் எல்லோரும் டப்பாவை முந்தானைக்குள்ளும் வேட்டி மடிப்புக்குள்ளும் மறைத்துக்கொண்டு போய், சங்கத்துக்குப் பின்னால் இருக்கிற பாழுங்கிணற்றில் கொட்டுவோம். கொட்டும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். கேட்டால், ஊசி முறிந்ததே இல்லை என்று நாலாயிரம் பேரும் சத்தியம் பண்ணுவோம்.

இனி சுயம்புக்கனி. எங்கள் ஊரில் கட்டிங் மாஸ்டராக இருக்கிற ஒரே பெண், நாற்பத்தாறு வயது, இருபத்திரண்டு வருஷமாக ஒரு கட்டுகூடத் தப்பாமல் வெட்டியவள். ஊர் முழுக்க அளவு நாடாவால் அளக்கும்போது இவள் மட்டும் இரும்புக் கஜக்கோலால் அளப்பாள். "நாடா நாள்பட நாள்பட இழுபடும், நம்ம பொய்க்கெல்லாம் தலையாட்டும், இரும்பு ஆட்டாது" என்பாள். லாரிக்கு அடியில் இருக்கிற வில்பட்டையில் ஒரு துண்டை வாங்கிப் பட்டறையில் கொடுத்து, பக்கத்தில் நின்று அடித்து வாங்கிய கோல் அது. அதனால் அவளுக்குக் கடப்பாரைக்காரி என்று ஒரு பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்று நான் சொல்லப் போவதில்லை, எனக்கு அவள் பக்கத்து வீடு.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை சுயம்புக்கனி ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளுக்கான அறுபது யூனிஃபார்ம் சட்டைக்குத் துணியை அடுக்கி, கிழக்கு மேற்காக விரித்து, கஜக்கோலை வைத்துச் சாக்கட்டியால் குறித்து வெட்டினாள். சங்கத் தலைவர் இருபத்திரண்டு வருஷ நம்பிக்கையில் அளந்து பார்க்காமலே 'சரி' எழுதினார். தைத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன சட்டைகள் பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தன. ஒவ்வொரு சட்டையும் மூன்று விரற்கடை குட்டை, மூன்று விரற்கடை அகலம். பிள்ளைகள் போட்டுப் பார்த்தால் தொப்புள் வெளியே தெரிகிறது, உள்ளே இன்னொரு பிள்ளையும் நுழைந்துகொள்ளலாம் போல இருக்கிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்து எழுதியிருந்தார்கள்.

சங்கம் கூடியது. தலைவர் பொன்னுலிங்கம் அண்ணாச்சி நல்ல மனிதர். முப்பத்தொரு வருஷமாக ஊசி முறியாமல் தைத்தவர் என்று பெயர், அந்தப் பெயரைத் தினமும் ஒருமுறை அவரே ஞாபகப்படுத்துவார். அவர் தன் கையாலேயே கத்திரியை ஆணியில் மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"எளா சுயம்பு, கை தவறிட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கத்திரியை எடுத்துட்டுப் போ. யாருக்குத்தான் தவறாது?"

"தவறலையே அண்ணாச்சி. தவறாததைத் தவறிட்டுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

"பெறவு சட்டை எப்படிக் குட்டையாச்சு?"

"நான் குறிக்கையில துணி நீளமா இருந்திருக்கு. இப்போ சுருங்கிட்டு."

"தண்ணியிலயே போடாத துணி எப்படித்தான் சுருங்கும்? அதே கட்டுத் துணியில, அதே நேரத்துல வெட்டின மத்தவங்க சட்டையெல்லாம் சரியா இருக்கே."

"அவங்க நாடாவால அளந்தாங்க. நான் இரும்பால அளந்தேன்."

சபை சிரித்தது. நானும் சிரித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. அவள் சிரிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாள். இருபத்திரண்டு வருஷமாகக் கத்திரியைப் பிடித்திருந்த அந்தக் கை, நடக்கும்போது எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஆடிக்கொண்டு போனதைப் பார்த்தபோது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

வேலை இல்லாத கை சும்மா இருக்குமா? தம்பி மகளுக்கு ஒரு கவுன் வெட்டுவதற்கு மாதிரி வரைவோம் என்று ஒரு பழைய தினசரியைத் தரையில் விரித்து, கஜக்கோலை வைத்துக் கோடு இழுத்தாள். கழுத்து வளைவு முடிகிற இடத்தில் ஒரு செய்தி இருந்தது. இருநூறு கோடி வருஷத்துக்கு முன்னால் வானத்தில் எங்கேயோ இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து மோதி ஒன்றாகிவிட்டன, அந்த அதிர்ச்சி ஓர் அலையாகக் கிளம்பி இப்போதுதான் பூமியைத் தாண்டிப் போனது, அலை போகும்போது எல்லாப் பொருளையும் ஒரு பக்கம் இழுத்து மறு பக்கம் சுருக்கும், ஆவணி இரண்டாம் செவ்வாய்க்கிழமை மாலை நாலு பன்னிரண்டுக்கு விஞ்ஞானிகள் அதைக் கருவியில் பிடித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தது. ஆராய்ச்சிக் குழுவில் காயல்பட்டினத்துப் பெண் ஒருத்தி இருப்பதாகவும், பெயர் டாக்டர் தாஜுன்னிசா என்றும் போட்டிருந்தது. சுயம்புக்கனி கவுனைப் பாதியில் விட்டுவிட்டுப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டாள், அங்கே மூன்று பேரிடம் சண்டை போட்டு டாக்டரின் நம்பரை வாங்கினாள்.

"அக்கா, அந்த அலை ரொம்ப ரொம்பச் சின்னது," என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். "நாலு கிலோமீட்டர் நீளத்துல, ஒரு அணுவுக்குள்ள இருக்கிற கருவோட அளவுலகூட ஆயிரத்துல ஒரு பங்குதான் மாறும். அதைப் பிடிக்கவே எங்களுக்கு நாற்பது வருஷம் ஆச்சு."

"உங்களுக்கு அப்படித்தாம்மா வந்திருக்கும். எங்க ஊருக்கு மூணு விரக்கடை வந்திருக்கு. சட்டை இருக்கு, வந்து பாருங்க."

டாக்டர் நோட்டைப் புரட்டுகிற சத்தம் போனில் கேட்டது. பிறகு டாக்டர், "நீங்க எதால அளந்தீங்க?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலேயே சுயம்புக்கனிக்குக் கண் கலங்கிவிட்டதாம், அத்தனை பெரிய சபையில் ஒருவரும் அவளிடம் அதைக் கேட்கவில்லையே.

புரட்டாசியில், பூசைக்கு ஐந்து நாள் இருக்கும்போது, டாக்டர் தாஜுன்னிசா காலைப் பேருந்தில் வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயது இருக்கும், தோளில் ஒரு பை, காலில் தேய்ந்த செருப்பு. அறுபது சட்டையையும் சங்கக் கட்டடத்துத் தரையில் விரித்து, முட்டி போட்டு, ஒவ்வொன்றாக அளந்து, நோட்டில் எழுதினாள். மத்தியானம் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அறுபதும் ஒண்ணுபோல இருக்கு. நீளத்துல எவ்வளவு குறைவோ, அதுக்குச் சரியா அகலத்துல கூடுதல். இவ்வளவு சீரான தப்பை மனுஷக் கையால பண்ணவே முடியாது. துணி தளர்ந்த பொருள், அலை இழுத்தா கூடவே போயிரும், நாடாவும் அப்படித்தான், அதனால நாடாவால அளந்தவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இரும்பு கெட்டி, இழுத்த இழுப்புக்கு வராது. இந்த ஊர்ல அன்னைக்கு அக்காவோட கோல் மட்டுந்தான் உண்மையைச் சொல்லியிருக்கு."

அவ்வளவுதான், அலை எங்கள் ஊர்ச் சொத்தாகிவிட்டது. அது ஏன் முள்ளுப்பொட்டலுக்கு மட்டும் மூன்று விரற்கடை வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அளவு தெரிந்தவன் வீட்டுக்குத்தானே அளக்க வேண்டியது வரும், பக்கத்து ஊருக்குப் போய் என்ன பண்ணும்? டீக்கடை இசக்கிப்பாண்டி அன்றைக்குத் தன் கடைப் பலகையில் வழக்கமாக ஆறு பேர் உட்காருகிற இடத்தில் ஏழு பேர் உட்கார்ந்ததாகச் சொன்னான். முடிதிருத்தும் வேலாண்டி, நாலே காலுக்கு ஒரு மீசை ஒதுக்கியதாகவும் அது இன்றைக்கு வரைக்கும் ஒரு பக்கம் தூக்கலாக இருப்பதாகவும் சொல்லி, மீசைக்காரரையும் கூட்டிவந்து காட்டினார். கிழக்குத் தெருக்காரர்கள் அலை தங்கள் தெரு வழியாகத்தான் நுழைந்தது என்றார்கள், மேற்குத் தெருக்காரர்கள் போகும்போது தங்களிடம் சொல்லிக்கொண்டுதான் போனது என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தால், சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் அலையைப் பற்றிப் பேசினோம். இத்தனை பெருமைக்கும் நடுவில் சுயம்புக்கனியின் கத்திரி ஆணியிலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏனென்றால் பொன்னுலிங்கம் அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டுவிட்டார். "டாக்டரம்மா, நீங்க சொல்லுதிய, நான் மறுக்கல. ஆனா சாட்சி ஒரே ஒரு இரும்புக்கோல். நாளைக்கு ஒவ்வொரு கட்டிங் மாஸ்டரும் தப்பா வெட்டிட்டு, வானம் இழுத்துட்டுன்னு வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்? ஒரு சாட்சியை வச்சு நீங்க ஒத்துக்கிடுவியளா?"

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவள். "மாட்டோம்," என்றாள். "எங்ககிட்டயும் ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப்பக்கம் ஒண்ணு, இந்தப்பக்கம் ஒண்ணுன்னு கருவி இருக்கு. ஒண்ணு மட்டும் ஆடினா, பக்கத்துல லாரி போயிருக்கும்னு விட்டுருவோம். ரெண்டும் ஒரே நேரத்துல ஆடினாத்தான் நம்புவோம்." சொல்லிவிட்டுச் சுயம்புக்கனியைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

சுயம்புக்கனிக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். "நியாயந்தானே, ரெண்டாவது சாட்சி தேடுவோம்," என்று கிளம்பிவிட்டாள். மூன்று நாள் வீடு வீடாகப் போய், நாலு பன்னிரண்டுக்கு உங்கள் வீட்டு இரும்பு என்ன செய்தது என்று கேட்டாள். எல்லோரும் அலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள், இரும்பைப் பற்றிக் கேட்டால் காபி குடிக்கிறியா என்றார்கள். என்னிடமும் கேட்டாள். நானும் காபி குடிக்கிறியா என்றுதான் கேட்டேன்.

நாலாம் நாள் காலையில் ஊசிக்கடை ஹனிபா பாயிடம் போனாள். ஊருக்கே ஊசி விற்கிறவர், ஊர் ரகசியம் முழுக்கத் தெரிந்தும் வாய் திறக்காதவர்.

"யாரு வாங்கினாங்கன்னு கேக்காத தாயி," என்றார் பாய். "அது என் தொழில் தர்மம். வேணும்னா ஒண்ணு சொல்லுதேன். அந்தச் செவ்வாய்க்கு மறுநாள், கடை திறந்து ஒரு மணி நேரத்துல பதினாறாம் நம்பர் ஊசி மொத்தமும் காலி. வந்தவங்க அத்தனை பேரும் சும்மா கையிருப்புக்குன்னுதான் சொன்னாங்க." பிறகு ஊசிப் பெட்டியை மூடிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், "நீயும் அப்படித்தான் சொன்ன," என்றார்.

அங்கேயே நின்றுவிட்டாள் சுயம்புக்கனி. ஆமாம், அன்றைக்குக் குறித்து முடித்த கையோடு, மின்கத்தியை எடுப்பதற்கு முன்னால், ஒரு துண்டுத் துணியில் தையல் ஓட்டிப் பார்க்க மெஷினில் உட்கார்ந்தாள், நாலு தையல் ஓடுவதற்குள் துணி தானாகச் சுருங்கி ஊசியை இழுக்க, ஊசி தகட்டில் பட்டு முறிந்தது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு டப்பாவில் போட்டு மூடினாள். இருபத்திரண்டு வருஷமாகத் தப்பே செய்யாத கைக்கு இது எதற்கு என்று தனக்குத் தானே மறந்தும் போனாள். ஊர் நீண்டபோது யாருக்கும் தெரியவில்லை. ஊர் பழையபடி சுருங்கிய அந்த நொடியில் நாலாயிரம் மெஷினிலும் ஊசி முறிந்திருக்கிறது, நாலாயிரம் பேரும் தனித்தனியாக வெட்கப்பட்டு மூடி வைத்திருக்கிறோம்.

மறுநாள் காலை கிணற்றடியில் வழக்கம்போல ஊர் கூடியது. முந்தானைக்குள் டப்பா, வேட்டி மடிப்புக்குள் டப்பா, எல்லோருடைய கண்ணும் தரையில். சுயம்புக்கனி சங்கத்துப் பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டுவந்து கிணற்றுச் சுவரில் வைத்தாள். பக்கத்தில் டாக்டர் நின்றாள். சுயம்புக்கனி தன் டப்பாவைத் திறந்து, ஒரே ஒரு முறிந்த ஊசியை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தாள்.

"இது என் ஊசி. ஆவணி ரெண்டாஞ் செவ்வாய், நாலே காலுக்கு முறிஞ்சுது. என் கையில தப்பே கிடையாதுன்னு சபையில பேசுனவ நானு, இதை மட்டும் மறைச்சு வச்சிருந்தேன். வெட்டினது தப்பில்ல. மறைச்சது தப்பு." சொல்லிவிட்டு ஊசியைத் தாம்பாளத்தில் போட்டாள். ணங் என்று ஒரு சின்னச் சத்தம்.

அடுத்தவர் போட்டால் போடலாம் என்று எல்லோரும் காத்திருந்தோம். யாரும் போடாவிட்டால் கிணற்றில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், சாட்சி கிணற்றுக்குள் போய்விடும், கத்திரி ஆணியிலேயே இருந்துவிடும். என் மடியில் டப்பா கனத்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொன்னுலிங்கம் அண்ணாச்சி வந்தார். சட்டைப் பையில் கைவிட்டு, தாளில் மடித்து வைத்திருந்த ஒன்றை எடுத்துப் பிரித்தார். முப்பத்தொரு வருஷத்துப் பெயர் அந்தத் தாளுக்குள் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"நாலு அடிச்சுப் பன்னெண்டோ பதினைஞ்சோ," என்றார். "ரேடியோவுல பாட்டு ஓடிட்டிருந்துச்சு." தாம்பாளத்தில் போட்டார்.

அதற்குப் பிறகு மழை. முள்ளுப்பொட்டல் வெகுநாளாகக் கேட்காத மழைச் சத்தம் அது. இளம்பெண்கள் போட்டார்கள், கிழவர்கள் போட்டார்கள், தைக்கவே தெரியாது என்று சொல்லிக்கொண்டு திரிந்த இரண்டு ஆண்கள் போட்டார்கள், நானும் போட்டேன், தாம்பாளம் நிறைந்து இன்னொரு தாம்பாளம் வந்தது, அதுவும் நிறைந்து கல்யாண வீட்டு அண்டா வந்தது. ஒவ்வொருவரும் போடும்போது நேரத்தைச் சொன்னோம், எல்லோரும் ஒரே நேரத்தைச் சொன்னோம். போட்டுவிட்டு நிமிர்ந்து, முதல்முறையாகக் கிணற்றடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் இல்லை.

கடைசி ஊசி விழுந்ததும் அண்டாவிலும் தாம்பாளங்களிலும் இருந்த முறிந்த ஊசிகள் எல்லாம் மெல்ல உருண்டு, நகர்ந்து, முனையைத் தென்கிழக்குப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு அமைதியாகிவிட்டன. தூரத்தில் தெரிந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு முழம் மேலே, வெறும் வானத்தைக் காட்டிக்கொண்டு நாலாயிரம் ஊசியும் நின்றன.

டாக்டர் தாஜுன்னிசா குனிந்து பார்த்தாள், அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்து பார்த்தாள். பிறகு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள்.

"அலை வந்ததைப் பிடிச்சோமே தவிர, எங்கேயிருந்து வந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியல அக்கா," என்றாள். "கால்வாசி வானத்துக்கு வட்டம் போட்டு, இதுக்குள்ள எங்கேயோன்னு எழுதியிருக்கோம். எங்க கருவியால அவ்வளவுதான் முடிஞ்சுது." நோட்டை எடுத்து, சுயம்புக்கனியின் கஜக்கோலை வாங்கி, ஊசி காட்டிய திசையை அளந்து எழுதினாள். எழுதி முடித்து, "யாரு கண்டுபிடிச்சாங்கன்னு கேப்பாங்க, என்ன எழுத?" என்று கேட்டாள்.

"முள்ளுப்பொட்டல்னு எழுதுங்க," என்றாள் சுயம்புக்கனி. "கூட நாலாயிரம் மெஷின்னு போட்டுக்கிடுங்க."

அண்ணாச்சி சங்கத்துக்குள் போனார். ஆணியிலிருந்து கத்திரியை எடுத்துத் தன் துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் போகாமல் அங்கேயே நின்றாள். என்ன மிச்சம் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அறுபது சட்டையும் உள்ளே கட்டாகக் கிடந்தன, மூன்று விரற்கடை குட்டையாக, மூன்று விரற்கடை அகலமாக, பூமியில் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தாமல். அண்ணாச்சி காதில் செருகியிருந்த சாக்கட்டியை எடுத்து, மேல் சட்டையை நீவிவிட்டு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பெரிய எழுத்தில் 'சரி' என்று எழுதினார்.